இடது கால்

ஊரப்பாக்கம்,
வெள்ளிக்கிழமை பகல்

அன்பு மச்சானுக்கு ஷபீனா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நானும் நூஹாவும் நலம். அங்கே கடலும் கப்பலும் உங்களிடம் மரியாதையாக நடந்துகொள்கின்றனவா? தினமும் போனில் முகம் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பீர்கள். உங்கள் கப்பல் நெட் பத்து நிமிஷம் தாங்கினால் பெரிய விஷயம். அந்தப் பத்து நிமிஷமும் உங்கள் மகள் போனை நக்கவும், உங்கள் தாடியைத் தொடுவதாக நினைத்து லைனைத் துண்டிக்கவும் சரியாக இருக்கிறது. பெருங்களத்தூர் ஷாகுல் அண்ணன் புதன்கிழமை கிளம்பிப் போய்க் கொழும்பில் உங்கள் கப்பலில் ஏறுகிறார் என்று உங்கள் அக்கா ஃபஹீமா சொன்னார். உடனே பேப்பரை எடுத்துவிட்டேன். கூடவே நெல்லிக்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் அனுப்புகிறேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று நீங்கள் பயப்படும் அந்தச் சீஃப் இஞ்சினியருக்கு. நூஹா கிறுக்கிய படம் ஒன்றும் உள்ளே இருக்கிறது. அது நீங்களாம். எனக்கும் முதலில் இட்லி என்றுதான் தோன்றியது.

நூஹா பன்னிரண்டு கிலோ ஆகிவிட்டாள். சளி பிடித்து விட்டுவிட்டது. இப்போது யார் வந்தாலும் பெயர் கேட்கிறாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடம் கேட்டாள், பக்கத்து வீட்டுச் சுந்தரராமன் சாரிடம் தினமும் கேட்கிறாள். அவரும் ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்வதுபோல முழுப் பெயரையும் இன்ஷியலோடு சொல்கிறார். உங்களை அத்தா என்று கூப்பிடுவது போய், பத்து நாளாக 'முதாசிர்' என்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் அக்கா உங்களைப் போனில் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டாள்.

புது வண்டி எப்படி என்று போன வாரம் கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

என் சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு போன அன்று நான் அழவில்லை என்று உங்களிடம் சொன்னது பொய். வாங்கிய பையன் பெயர் உமேஷ், சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, கல்யாணம் ஆகவில்லை. சாவியைக் கொடுத்ததும் முதல் கியரிலேயே கத்தவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். இரண்டாவதைப் போடுடா என்று தெருவில் நின்று கத்தினேன். பத்து வருஷம் ஓட்டிய வண்டி. என் முதல் சம்பாத்தியத்தில் வாங்கியது. பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நீங்கள் பார்த்தது அதைத்தான். கிளினிக் முடிந்து நான் தாமதமாக வந்து நிறுத்தினேன். நீங்கள் வாசலுக்கு வந்து, மூன்றாவது சிலிண்டர் சரியாக அடிக்கவில்லை என்றீர்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் திகைத்துப் போனார்கள். நான் அந்த நிமிஷமே சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் விற்க வேண்டும் என்று சொன்னவளும் நான்தான், அதை மறுக்கவில்லை. இரண்டே கதவு. முன் சீட்டை மடக்கி, குனிந்து, பின்னால் குழந்தை சீட்டில் பிள்ளையைத் திணித்து பெல்ட் போடுவதற்குள் ஆபரேஷன் செய்த இடம் பிடித்து இழுக்கும். கிளட்ச் மிதித்தால் இன்னும் வலி. நூஹாவுக்கு எட்டு மாதம் இருக்கும்போது, தீபாவளிக்கு முதல் நாள், பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு பஸ் என் கூரைக்கு மேலே சாய்ந்து வருவதுபோல இருந்தது. அதற்கு முன் நூறு தடவை அப்படி நுழைந்து வெளியே வந்திருக்கிறேன். அன்று மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்த கை வேர்த்து வழுக்கியது. நாலு கதவு, ஆறு ஏர்பேக், உயரமான டிக்கி, கேமரா, சத்தமே இல்லாத மோட்டார் என்று நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து தேடித்தேடிப் புக் பண்ணினோம். பாப்பா வண்டியிலேயே நிம்மதியாகத் தூங்குவாள் என்றீர்கள். உண்மைதான், தூங்குகிறாள்.

கால்தான் என் பேச்சைக் கேட்கவில்லை. கரண்டில் ஓடுகிற வண்டிக்குக் கிளட்ச் இல்லை என்று மூளைக்குத் தெரியும். இடது காலுக்கு யார் சொல்வது? வேகம் குறைத்தால், வளைவு வந்தால், பின்னால் எடுத்தால், கால் தானாகப் போய்க் கிளட்சைத் தேடி ஓங்கி மிதிக்கிறது. அங்கே இருப்பது பிரேக், அதுவும் இரண்டு கால் வைக்கிற அகலத்தில். வண்டி முட்டுச்சுவரில் மோதினதுபோல நிற்கிறது. வண்டலூரில் ஒருநாள் இப்படி நின்றதும் பின்னால் வந்த ஆட்டோக்காரர் இறங்கி வந்து, இன்னாம்மா, வண்டி ஓட்டுறியா ஊஞ்சல் ஆடுறியா என்று கேட்டார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொஞ்ச நாளாகக் கிளினிக்குக்கு ரயிலில் போகிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் நெரிசல் அதிகம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஞானசௌந்தரி பத்து நாளாக வரவில்லை. நூஹாவைப் பகலில் உங்கள் அக்கா பார்த்துக்கொள்கிறார். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது பிள்ளை எழுந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

வெள்ளிக்கிழமை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது. விஷயத்தில் பாதி பொய். ரோட்டில் நெரிசல் எப்போது இல்லை? பத்து வருஷமாகப் பல் பிடுங்க வருகிறவர்களிடம் வலிக்காது என்று சொல்லிப் பழகிய வாய், உங்களிடமும் அதையே சொல்கிறது. இந்தப் பக்கத்தை உட்கார்ந்து படியுங்கள் மச்சான். மிஷின் ரூமில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நூஹாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

நீங்கள் போன லீவில் அவளுக்குப் பழக்கிவிட்டுப் போனது ஞாபகம் இருக்கும். கப்பலில் மணி அடித்தால் எல்லாரும் அவரவர் இடத்துக்கு ஓட வேண்டும் என்பதுபோல, சிவப்பு வண்டியின் இஞ்சின் சத்தம் கேட்டதும் நூஹா வாசலில் மூன்றாவது படியில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் வண்டியை வெளியே எடுத்து ஒரு ஹார்ன் கொடுத்தால் கையை இறக்கலாம். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தீர்கள். ஆனால் நீங்கள் போன பிறகும் அவள் ஒருநாள்கூடத் தவறியதில்லை. ஞானசௌந்தரிக்கும் அது பழகிவிட்டது. எங்கே என்ன வேலையாக இருந்தாலும், இஞ்சின் உறுமினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொள்வாள். நம் வீட்டின் காவல் அத்தனையும் அந்தச் சத்தத்தில்தான் இருந்தது.

அந்தச் சத்தத்தை நாம் விற்றுவிட்டோம். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற உங்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உங்கள் மேல் பழி போடவில்லை. கொஞ்சம் போடுகிறேன்.

மிச்சம் முழுக்க என் பழி. வண்டி கைக்கு வந்த அன்று ஷோரூமில் ஜெரூஷா என்று ஒரு பெண், எது எது எதற்கு என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். இந்த வண்டி மெதுவாகப் போகும்போது வெளியே நிற்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று ஒரு ரீங்காரம் வைத்திருக்கிறார்கள். பின்னால் எடுக்கும்போது ஏதாவது குறுக்கே இருந்தால் உள்ளே பீப் பீப் என்று கத்தும். எனக்கு அந்த ரீங்காரத்தைக் கேட்டதும் எரிச்சலாக வந்தது. நிஜ இஞ்சினைக் கேட்டு வளர்ந்தவளுக்கு முன்னால் மிமிக்ரி செய்கிற மாதிரி. இந்த ஒப்பாரியையெல்லாம் நிறுத்தும்மா என்றேன். மேடம், வீட்ல சின்னக் குழந்தை இருந்தா ஆஃப் பண்ணாம இருக்கிறது நல்லது மேடம் என்று அவள் சொன்னாள். நான் பத்து வருஷமாக ஓட்டுகிறேன் என்று பதில் சொன்னேன். எந்தக் குரலில் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அவள் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் நிறுத்திக் கொடுத்தாள்.

போன வாரத்துக்கு முந்தின புதன்கிழமை, காலை ஒன்பதேகால் மணி. கிளினிக்கில் ஒரு ரூட் கெனால் காத்திருந்தது. கேட் திறந்திருந்தது. ஞானசௌந்தரி நூஹாவைப் படியில் உட்கார வைத்துவிட்டு, பக்கவாட்டில் துணி காயப்போடப் போயிருந்தாள். வண்டி கிளம்பினால் கேட்குமே, கேட்டால் ஓடிவந்து பிடித்துக்கொள்ளலாமே என்பது அவள் எண்ணம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, காது அப்படிப் பழகியிருந்தது. நான் வண்டியில் ஏறிப் பட்டனை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. நூஹா படியிலிருந்து இறங்கி வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தியிருக்கிறாள். அங்கே எறும்பு வரிசை.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நான் எப்படி எடுப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். இடது கையைப் பக்கத்து சீட்டின் மேல் போட்டு, உடம்பைத் திருப்பி, பின் கண்ணாடி வழியாகப் பார்த்து ஒரே இழுப்பில் எடுப்பேன். திரையைப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பதெல்லாம் ஓட்டத் தெரியாதவர்களுக்கு என்று உங்களிடமே எத்தனை தடவை பீற்றியிருக்கிறேன். அன்றும் அப்படியே திரும்பிப் பார்த்தேன். டிக்கிக்கு மேலே கேட் தெரிந்தது, தெரு தெரிந்தது, எதிர்வீட்டு நந்தியாவட்டை தெரிந்தது. என் முதுகுக்குப் பின்னால் இருந்த திரையில் என் மகள் தெரிந்திருக்கிறாள். மஞ்சள் கவுன், குனிந்த தலை, அதன் மேல் சிவப்புக் கோடு. அது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ரிவர்ஸ் போட்டேன். வண்டி நகர்ந்தது. ஒரு முழம் நகர்ந்திருக்கும். அப்போது என் இடது கால் தன்பாட்டுக்குக் கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. எனக்குக் கோபம் வந்தது. இந்தச் சனியன் பிடித்த கால் எப்போதுதான் திருந்தும் என்று வாய்விட்டுச் சொன்னேன். காலை எடுத்துவிட்டு மறுபடி நகர்த்தத்தான் போனேன் மச்சான். பாதி எடுத்தும்விட்டேன். அதற்குள் ஞானசௌந்தரி அலறினாள்.

வண்டியை அணைக்கத் திரும்பியபோதுதான் திரையைப் பார்த்தேன். இறங்கி ஓடினேன். நூஹா குந்தியபடியே நிமிர்ந்து என்னைப் பார்த்து, அம்மா எறும்பு என்றாள். பம்பருக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் இரண்டு விரல் இடம். நான் விரலை வைத்துப் பார்த்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியாது. பிறகு அவளைத் தூக்கி, கத்தி அழுது, முத்தம் கொடுத்து, உள்ளே கொண்டுபோய் வைத்திருந்த சாக்லேட்டையெல்லாம் அவள் கையில் கொடுத்தேன். அவள் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அலறல் கேட்டுப் பக்கத்துத் தெருவிலிருந்து உங்கள் அக்கா செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார். வந்ததும் ஞானசௌந்தரியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையப் பார்த்துக்கத்தானே உன்னை வெச்சிருக்கு, ஷபீனா மட்டும் பார்த்து டக்குனு பிரேக் போடலேன்னா இந்நேரம் என்ன ஆயிருக்கும், நீ பதில் சொல்லுவியா என்று தெருவே கேட்கிற மாதிரி கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். பார்த்து பிரேக் போடவில்லை அக்கா, நான் பார்க்கவே இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, அல்லாஹ் உன் கண்ணைக் காப்பாத்தினான் என்றபோது தலையை ஆட்டினேன். ஞானசௌந்தரி என்னை ஒரு தடவை பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை.

கிளினிக்கில் அவள் அட்டெண்டராக இருந்த நாளிலிருந்து எட்டு வருஷப் பழக்கம். நூஹா பிறந்தபோது என்னைவிட முன்னால் அவளைத் தூக்கியவள். மாடம்பாக்கத்திலிருந்து பஸ், பிறகு ரயில் என்று நம் பிள்ளைக்காக வந்துகொண்டிருந்தவள். அவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டினமாதிரி அனுப்பிவிட்டு, நான் எல்லாரிடமும் நல்ல டிரைவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரை எழுதாமல் சுற்றிச்சுற்றி வந்தது இந்த ஒரு வரியைத்தான். என் மகளை நான் காப்பாற்றவில்லை. ஆறு ஏர்பேக்கும் காப்பாற்றவில்லை. ஒரு தப்பு காப்பாற்றியது. அன்றைக்கு நான் இந்த வண்டியைச் சரியாக ஓட்டியிருந்தால் அவள் இல்லை. அதற்கடுத்த நாள் கிளினிக்கில் பல் குடைகிற மிஷினைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். நோயாளியிடம் கரண்ட் சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாரம் ஊசி போடுகிற வேலை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வண்டி அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரே ஒரு தடவை நூஹாவை அக்கா வீட்டில் விட்டுவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்து, கேட் வரைக்கும் எடுத்துப் பார்த்தேன். இடது கால் அசையவில்லை. ஒரு மாதமாக நான் திட்டித்திட்டிக் கடைசியில் பழகிவிட்டது. இனிமேல் தப்பும் துணைக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை

நேற்று நடந்ததை எழுதிவிட்டு இதை ஒட்டிவிடுகிறேன். சாயங்காலம் ஷாகுல் அண்ணன் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போன் செய்தார்.

நேற்றுக் காலை எட்டு மணிக்குச் சுந்தரராமன் சார் நூஹாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு முகம் வெளுத்திருந்தது. கொழந்தை எங்காத்து கேட்டுக்குள்ள வந்து என் கார் பின்னாடி ஒக்காந்துண்டு இருந்தாம்மா, பூனை படுத்திருக்கான்னு நான் எப்பவும் குனிஞ்சு பாத்துட்டுத்தான் எடுப்பேன், இல்லேன்னா என்றார். நான் குளியலறையில் இருந்த ஐந்து நிமிஷம். அக்கா பால் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கதவுத் தாழ்ப்பாள் நூஹாவுக்கு எட்ட ஆரம்பித்துவிட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

ஏன் அங்கே போனாய் என்று கேட்டேன். அம்மா வா, தூக்கு என்று கையை நீட்டினாள். அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்ததற்குத்தானே அம்மா கத்திக்கொண்டு ஓடிவந்து தூக்கினாள், அத்தனை முத்தமும் சாக்லேட்டும் கொடுத்தாள். அவளுக்கு அது ஒரு புது விளையாட்டு. வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினால் அம்மா வருவாள். நான் பயத்தில் செய்ததெல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. மச்சான், இந்தத் தெருவில் பதினேழு வீட்டில் கார் இருக்கிறது. எல்லாருமா பூனைக்காகக் குனிந்து பார்க்கிறார்கள்?

நான் அவளை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. கத்தினால் அதுவும் விளையாட்டில் சேர்ந்துவிடும் என்று பயம். தாழ்ப்பாளுக்கு மேலே இன்னொன்று போட ஆள் வரச் சொன்னேன். தெருவில் வீடு வீடாகப் போய், வண்டி எடுப்பதற்கு முன்னால் தயவுசெய்து பின்னால் வந்து ஒரு தடவை பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், பிள்ளைய வீட்டுக்குள்ள வெச்சுக்கோங்க மேடம் என்றார். சரி என்றேன்.

பிறகு நூஹாவை அக்காவிடம் விட்டுவிட்டு, ரயிலில் தாம்பரம், அங்கிருந்து பஸ்ஸில் மாடம்பாக்கம் போனேன். ஞானசௌந்தரியின் வீடு கோயில் குளத்தைத் தாண்டி இரண்டாவது சந்து. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திரையைப் பார்க்காதது, கால் தானாக மிதித்தது, காலை எடுத்து மறுபடி நகர்த்தப் போனது, அக்காவிடம் தலையை ஆட்டியது, எல்லாம்.

எனக்குத் தெரியும்மா என்றாள். நீ பின்னால பாத்துக்கினு இருந்தே, கொயந்த அங்க கீதுன்னே உனக்குத் தெரியாது, வண்டி நின்னப்புறங்கூட உன் மூஞ்சில ஒண்ணுமே இல்ல, நான் கத்துனப்புறந்தான் உன் மூஞ்சி மாறிச்சு என்றாள். அப்புறம், நான் துணிய காயப்போடப் போனது தப்புதான், அத்த நான் இல்லேன்னு சொல்லல, ஆனா மொத்தத்தையும் என் தலையில போட்டுட்டு நீ சும்மா நின்னே பாரு, அத்தான் என்னால தாங்க முடில என்றாள். அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் சொன்னா யாரு நம்புவா, நீயா சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன், பன்னெண்டு நாளு ஆச்சு என்றாள். அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நூஹாவின் புது விளையாட்டைச் சொன்னதும்தான் அவளுக்குக் கண் கலங்கியது. புதன்கிழமையே வந்துவிடுகிறேன் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. அவள் வந்து நிற்கும்போது, அவளுக்கு முன்னால், ஃபஹீமா அக்காவிடம் நான் என் வாயால் சொல்ல வேண்டும். நியாயம்தானே. சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்கு இருவரும் வீட்டில் இருப்பார்கள்.

இப்போது அதற்கும் பயமாக இருக்கிறது. உங்கள் அக்கா அடிக்கமாட்டார், திட்டினாலும் பரவாயில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் நூஹாவை என் கையில் கொடுக்கும்போது ஒரு நிமிஷம் யோசிப்பார். நானாக இருந்தால் யோசிப்பேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் வாய் அடைத்துப்போகிறது. அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் அக்காவுக்குப் போன் செய்யுங்கள். நான் சொல்லியிருந்தால் நல்லது. சொல்லியிருக்காவிட்டால், கடைசி நிமிஷத்தில் வாய் வராமல் வேறு ஏதாவது பேசி மழுப்பியிருந்தால், நீங்கள் சொல்லிவிடுங்கள். எனக்காகப் பார்க்காதீர்கள். ஞானசௌந்தரி இல்லாமல் நம் பிள்ளையைப் பார்க்க முடியாது.

வண்டியின் சத்தங்களையெல்லாம் நானே மறுபடி போட்டுவிட்டேன். ஷோரூமுக்குப் போன் செய்து ஜெரூஷாவிடம் எப்படி என்று கேட்டேன். அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அதை நம்பி ஓட்டுகிற தைரியம் இன்னும் வரவில்லை. விற்றுவிடலாம் என்று எழுதாதீர்கள். வேறு எதை வாங்கினாலும் ஓட்டப்போகிறவள் நான்தானே. உங்கள் காண்டிராக்ட் முடிய இன்னும் இரண்டு மாதம் பாக்கி என்று தெரியும். முன்னால் வர முடியுமா என்று கேட்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். கேட்டுவிட்டேன்.

இன்னொன்று. பரவாயில்லை, யாருக்கும் நடக்கக்கூடியதுதான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இந்த இரண்டு வாரமாக எல்லாரும் என்னை ஆறுதல் சொல்லியே கொன்றுவிட்டார்கள். நீங்கள் திட்டுங்கள். நான் யாருடைய அம்மா, என்ன செய்யப் பார்த்தேன் என்று நீங்களாவது கேளுங்கள். கேட்டுவிட்டு வாருங்கள்.

உங்களைக் கடலும் காற்றும் நெருப்பும் தீண்டாமல் அல்லாஹ் காக்கட்டும். ஐந்து வேளையும் உங்களுக்காகக் கேட்கிறேன். நூஹா தூங்கும்போது தலையில் கைவைத்து ஓதிவிடுகிறேன். ஷைத்தானிடமிருந்தும், விஷ ஜந்துக்களிடமிருந்தும், கண்ணேறிலிருந்தும் இந்தப் பிள்ளையைக் காப்பாற்று என்று கேட்பேன். இப்போது அதோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். நீங்களும் அங்கே தொழுதுவிட்டுக் கையேந்தும்போது அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் மச்சான். யா அல்லாஹ், என் பிள்ளையை அவள் தாயிடமிருந்தும் காப்பாற்று என்று கேளுங்கள்.

உங்கள்
ஷபீனா